சிவப்புக் கத்தி, நீலக் கத்தி

நான் ஊரைவிட்டுக் கிளம்பியது ஒரு புதன்கிழமை. பேருந்து நகர இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. வழியனுப்ப வந்த சித்தி, என் மடியிலிருந்த சாப்பாட்டுப் பொட்டலத்தை ஜன்னல் வழியாகவே வாங்கினாள். மேல்தாளை விலக்கி, கைப்பையிலிருந்து ஊசி மாதிரியான ஒரு வெப்பமானியை எடுத்து, கோழித்துண்டின் நட்டநடுவில் செருகினாள். எண் ஒரு இடத்தில் நிற்கும்வரை காத்திருந்தாள். ஓட்டுநர் கண்ணாடியில் இதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாப்பத்தேழு. ஒரு மணிக்குள்ள சாப்பிட்டுடு. அதுக்கப்புறம் இது சாப்பாடு இல்ல, கேஸு" என்றாள். ஊசியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து உறையில் போட்டுவிட்டுத்தான் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நான்கு வருடமும் பதினோரு வாடகை அறைகளும் கழித்து அதே சித்தியின் வாசலில் வந்து நின்றேன். கதவைத் திறந்தவள் கட்டிப்பிடிக்கவில்லை. இரண்டு கை விரல்களையும் என் தாடைக்கு அடியில் வைத்து, காதோரத்திலிருந்து மோவாய்வரை மெதுவாக அழுத்திக்கொண்டே வந்தாள். "கணு எல்லாம் நல்லாத்தான் இருக்கு. உள்ள வா."

சித்தி அரசாங்கத்தின் இறைச்சிப் பரிசோதகர். இருபத்திரண்டு வருடமாக ஆடுகளின் தாடைக்கு அடியிலிருக்கும் நிணநீர்க் கணுக்களில் நோயைத் தேடிய விரல்கள் அவை. பிடித்த மனிதர்களையும் அப்படித்தான் விசாரிக்கும். பார்சல் கொண்டுவருகிற தபால்காரர் இரண்டடி தள்ளி நின்று, கையை மட்டும் நீட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார்.

ஒரு வாரம் தங்க வந்தவள் ஏழு மாதம் இருந்துவிட்டேன். அந்த வீட்டுக் குளிர்பெட்டியில் மேல்தட்டுக்கு ஒன்று, கீழ்த்தட்டுக்கு ஒன்று, கதவுக்கு ஒன்று என மூன்று வெப்பமானிகள். சித்தப்பா பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர். சித்தி அவரை 'மாஸ்டர்' என்றுதான் கூப்பிடுவாள். அவர் கழுத்தில் ஸ்டாப்வாட்ச் தொங்கும், விடுமுறை நாளிலும் தொங்கும். அவள் சூட்டை அளப்பாள், அவர் நேரத்தை அளப்பார். முட்டை வேகவைப்பது அங்கே இரண்டு பேர் பார்க்கிற வேலை. சித்தப்பா இறைச்சி தொடுவதில்லை. காரணம் கேட்டேன். "கல்யாணமான ரெண்டாவது மாசம், சாப்பிடும்போது இவ ஆபீஸ் விஷயம் பேசினா. அன்னிக்கு விட்டதுதான்" என்றார்.

ஆபீஸ் என்று அவர் சொன்னது இறைச்சிக்கூடம். வேலை காலை ஆறு மணிக்குத் தொடங்கும்; பல நாள் நானும் அவளோடு போவேன். வெள்ளை ஓடு பதித்த சுவர், தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும் தரை, தலைக்கு மேல் இரும்புத் தண்டவாளம். அதில் கொக்கிகள் வரிசையாக நகரும். ஒவ்வொரு கொக்கியிலும் தோலுரித்துச் சுத்தம் செய்த ஓர் ஆடு. ரப்பர் பூட்ஸ் போட்ட ஆட்கள் தங்கள் தங்கள் வேலையை முடித்துத் தள்ளிவிட, வரிசையின் கடைசியில் சித்தியின் மேசை. அவள் 'சரி' சொன்னால் வெளியே போகும். இல்லையென்றால் பக்கத்திலிருக்கும் மஞ்சள் தொட்டிக்குப் போகும்.

ஒரு ஆட்டுக்கு நாற்பது விநாடி. முன்பக்கம் பார்ப்பாள், திருப்பிப் பின்பக்கம் பார்ப்பாள், ஈரலை அழுத்துவாள், நுரையீரலைப் பிதுக்குவாள். பிறகு கத்தியை எடுத்து ஆறு இடங்களில் கணுக்களைக் கீறித் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பாள். "வெளிய எல்லா ஆடும் நல்ல ஆடுதான்டி. உள்ள திறந்தாத்தான் உண்மை பேசும்." இடுப்பில் செருகிய வெள்ளைத் துணியில் கத்தியை இரண்டு பக்கமும் துடைத்துக்கொண்டு அடுத்த ஆடு. அந்தத் துணியைத் தினமும் அவளே துவைத்து, இஸ்திரி போட்டு எடுத்து வருவாள். கத்தியையும் அவளே தீட்டுவாள். வேறு யாரும் தொட முடியாது. கூடத்தின் மேஸ்திரி ஒருமுறை அதில் கயிறு அறுத்துவிட்டார் என்பதற்காக மூன்று நாள் அவரோடு பேசாமல் இருந்திருக்கிறாள்.

மற்ற கூடங்களின் பரிசோதகர்கள் பாதி ஆடுகளைக் கண்ணால் பார்ப்பதோடு சரி என்று கேள்வி. சித்தி ஒன்றைக்கூட விடுவதில்லை. ஆறு இடம் என்றால் ஆறு இடம்.

எல்லாம் முடிந்தால் முத்திரை. கைப்பிடி வைத்த வட்ட முத்திரை, நடுவில் 'பரிசோதிக்கப்பட்டது' என்ற சொல். சாப்பிட்டால் உடம்புக்கு ஒன்றும் செய்யாத ஊதா மை. முன்தோளில் ஒன்று, பின்தொடையில் ஒன்று. இரண்டு பக்கமும் புரட்டிப் பார்க்காத எதன்மேலும் அது விழாது. அந்த மையால் அவள் வலது கை விரல்கள் வருடம் முழுக்க ஊதாவாகவே இருக்கும். கூடத்தில் அவளுக்குப் பெயர் ஊதாக்கா. ஒரு தேர்தலில் வாக்குச்சாவடி அதிகாரி விரலைப் பார்த்துவிட்டு, நீங்கள் ஏற்கெனவே ஓட்டுப் போட்டுவிட்டீர்கள் என்று திருப்பி அனுப்பப் பார்த்தாராம். சித்தி அவருக்கு மையின் வேதியியலை விளக்க, பின்னால் வரிசை தெருமுனைவரை போய்விட்டது.

நான் வந்த இரண்டாம் மாதம் துறை ஒரு புதுத் திட்டம் கொண்டுவந்தது. கண்ணும் கையும் மட்டும் போதாது, கிருமி கண்ணுக்குத் தெரியாது; ஆகவே வாரத்துக்கு ஒருநாள் ஆய்வகத்திலிருந்து ஒரு பெண் வந்து, முத்திரை விழுந்த ஆடுகளின்மேல் பஞ்சுக்குச்சியைத் தேய்த்துக் குப்பியில் எடுத்துப் போவாள். முதலில் ஆறு கூடங்களில் சோதனை. சித்திக்கு ஒரே குஷி. அந்தப் பெண் வருகிற அன்று தலையுறையைக்கூடப் புதிதாகப் போட்டுக்கொண்டு போனாள். "வரட்டும்டி. நாம யாருன்னு தெரியட்டும்."

தெரிந்தது. ஆறு கூடங்களில் கிருமி அதிகம் இருந்தது சித்தியின் கூடத்தில். அடுத்த வாரமும் அப்படியே.

அந்த இரண்டு வாரம் கூடத்தில் யாருக்கும் நல்ல காலமில்லை. தண்ணீர்த் தொட்டியைக் கழுவச் சொன்னாள், கொக்கிகளை வேகவைக்கச் சொன்னாள். தோல் உரிக்கிறவர்களை வரிசையாக நிறுத்தி நகம் பார்த்தாள். மேஸ்திரியின் கையை முகர்ந்தே பார்த்தாள். அவர் அவளைவிட ஏழு வயது மூத்தவர், பேத்தி எடுத்துவிட்டவர். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றார். வீட்டிலும் அதே கதைதான். சித்தப்பா சோப்புப் போட எத்தனை விநாடி எடுத்துக்கொள்கிறார் என்று அவருடைய வாட்சை வைத்தே அவரை அளந்தாள்.

மூன்றாவது வாரம் சித்தி ஆய்வகப் பெண்ணிடம் ஒரு காரியம் கேட்டாள். என் மேசைக்கு வருவதற்கு முன்னால் ஒரு குச்சி, போன பிறகு ஒரு குச்சி, பத்து ஆடுகளில் எடு என்றாள். தன் ஆட்கள் அழுக்கை எந்த இடத்தில் விடுகிறார்கள் என்று கண்டுபிடிக்கத்தான்.

நான்கு நாள் கழித்துத் தாள் வந்தது. நான் அப்போது அங்கே இருந்தேன். மேசைக்கு வருமுன் பத்தில் ஒன்பது ஆடுகள் சுத்தம். மேசையைத் தாண்டிய பிறகு மூன்று மட்டும் சுத்தம்.

சித்தி அந்தத் தாளை ஒருமுறை படித்தாள். தாளைக் கீழே வைத்துவிட்டுக் கத்தியைப் பார்த்தாள். இடுப்பிலிருந்த வெள்ளைத் துணியை உருவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒரு ஆட்டின் கெட்ட கணுவைத் திறந்த கத்தி, அதே துணியில் துடைபட்டு, அடுத்த நல்ல ஆட்டை ஆறு இடங்களில் கீறுகிறது. பாதி ஆடுகளைத் தொடாமல் விடுகிற சோம்பேறிக் கூடங்களில் கிருமி குறைவு. ஒன்றையும் விடாத இவள்தான் ஒவ்வொன்றுக்கும் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள்.

கவிழ்த்துப்போட்டிருந்த ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தாள். அழப்போகிறாள் என்று நினைத்து நான் பக்கத்தில் போனேன். அவள் தோள் குலுங்கியது. சிரித்துக்கொண்டிருந்தாள். நிறுத்த முடியாமல், மூச்சு வாங்க வாங்க, முழங்காலைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். "நான்தான்டி" என்றாள். "ஊரெல்லாம் தேடிட்டு, நான்தான்."

வரிசை நின்றது. எல்லாரும் கூடினார்கள். சித்தி கத்தியை மேசைமேல் வைத்து, திருடனைப் பிடித்தாயிற்று, இதுதான் என்று காட்டினாள். மேஸ்திரியிடம் திரும்பி, ரெண்டு வாரமா உங்களப் படுத்தி எடுத்துட்டேன், மன்னிச்சுக்குங்க மேஸ்திரி என்றாள்.  அவர் ஓரடி முன்னால் வந்தார்.

"அக்கா, கைய நீட்டுங்க" என்றார்.

சித்தி நீட்டினாள். அவர் குனிந்து, இரண்டு கையையும் நிதானமாக முகர்ந்து பார்த்தார். கூடமே வெடித்துச் சிரித்தது. கணக்கு அத்தோடு தீர்ந்தது.

தீர்வு அவள் முழங்காலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. மேசையோடு சேர்த்துப் பொருத்திய ஒரு எஃகுப் பெட்டி. அடியில் சூடேற்றும் கம்பி. கத்தியைக் கொதிநீரில் வைப்பதற்காக யாரோ, எப்போதோ யோசித்துக் கட்டியது. போட்டால் ஃபியூஸ் போகிறது என்று யாரும் தொடவில்லை. பதினைந்து வருடமாகச் சித்தி அதில் குடை வைத்திருந்தாள்.

குடை வெளியே வந்தது, மின்சாரக்காரர் உள்ளே வந்தார். எண்பத்திரண்டு டிகிரித் தண்ணீர். கத்தி இரண்டு: ஒன்று சிவப்புக் கைப்பிடி, ஒன்று நீலம். ஒன்று கையில் இருக்கும்போது மற்றது தண்ணீரில். ஒற்றைப்படை ஆட்டுக்குச் சிவப்பு, இரட்டைப்படைக்கு நீலம். ஆறு இடமும் கீறுவது நின்றது. கண்ணும் விரலும் சந்தேகப்பட்டால் மட்டும் கத்தி. வெள்ளைத் துணியை வீட்டுக்குக் கொண்டுபோனாள். அதைச் சித்தப்பா, விளையாட்டில் வாங்கிய தன் பரிசுக் கோப்பைகளைத் துடைக்க எடுத்துக்கொண்டார்.

கூடத்து முதலாளி மட்டும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். ஆட்டுக்கு ஆடு கத்தி மாற்றிக்கொண்டிருந்தால் வண்டி எப்போது கிளம்புவது என்று கேட்டார்.  மறுநாள் சித்தப்பா அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு, தலையுறை, பூட்ஸ், கழுத்தில் ஸ்டாப்வாட்ச், வாயில் விசில் சகிதம் கூடத்துக்கு வந்தார். இருபது வருடத் திருமண வாழ்க்கையில் அவர் அங்கே கால் வைத்தது அதுதான் முதல் தடவை. ஆடுகளைப் பார்க்காமல் கடிகாரத்தை மட்டும் பார்த்தபடி நூறு ஆடுகளுக்கு நேரம் குறித்தார். முதல்நாள் சராசரி நாற்பத்து மூன்று விநாடி. முதலாளி, பார்த்தீர்களா என்பதுபோல் தலையாட்டினார். ஒரு வாரம் கழித்துச் சித்தப்பா மறுபடி குறித்தார். முப்பத்தொன்பது. முன்பைவிட ஒரு விநாடி குறைவு.

எங்கே மிச்சமானது என்று முதலாளிக்குப் புரியவில்லை. "துணியில துடைக்கிறதுக்கு அஞ்சு செகண்ட் போயிட்டிருந்தது சார். அதுவும் பளபளன்னு துடைப்பா" என்றார் சித்தப்பா.

ஆட்களுக்கு இது ஒரு விளையாட்டாகிவிட்டது. வரிசையில் முதலில் நிற்கிறவர் "சிவப்பு" என்று குரல் கொடுப்பார். அடுத்த ஆட்டுக்கு எல்லாரும் சேர்ந்து "நீலம்" என்பார்கள். சித்தி எப்போதாவது தவறான கத்தியை எடுத்தால் மேஸ்திரி வாயாலேயே விசிலடிப்பார். அடுத்தமுறை பஞ்சுக்குச்சித் தாள் வந்தபோது ஆறு கூடங்களில் அவர்களுடையதுதான் முதலிடம். தாளைச் சுவரில் ஒட்டினார்கள். பழைய தாளையும் பக்கத்திலேயே ஒட்டச் சொன்னாள் சித்தி.

இத்தோடு விட்டிருந்தால் அவளுக்கு ஒரு தொல்லையும் இல்லை. விடவில்லை. நடந்ததை நடந்தபடியே ஒன்பது பக்கம் எழுதி, மேசையின் படமும் வரைந்து, துறையின் நாற்பது கூடங்களிலும் இரண்டு கத்தி வேண்டும் என்று தலைமை அலுவலகத்துக்கு அனுப்பத் தயாரானாள். மேற்பார்வையாளர் பதவிக்கான பட்டியலில் அவள் பெயர் முதலாவதாக இருந்த மாதம் அது. மேலதிகாரி நல்ல மனிதர். கூப்பிட்டு உட்காரவைத்து, உங்கள் கூடத்தில் சத்தமில்லாமல் மாற்றிக்கொள்ளுங்கள், இருபத்திரண்டு வருடமாகத் தப்பாகச் செய்தேன் என்று எழுத்தில் கொடுக்காதீர்கள் என்று தன்மையாகத்தான் சொன்னார்.

"என் கூடத்துல மட்டுமா சார் ஆடு வெட்டறாங்க?" என்று கேட்டுவிட்டு, தாளை அவர் மேசையிலேயே வைத்துவிட்டு வந்தாள்.

பதிலாக வந்தது ஒரு விளக்கம் கேட்கும் குறிப்பு. தாங்களே ஒப்புக்கொண்ட குறைபாட்டுக்காகத் தங்கள்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது? பட்டியலிலிருந்து அவள் பெயர் போனது. சித்தப்பா அன்று அலமாரியிலிருந்த கோப்பைகளை எல்லாம் இறக்கி வெள்ளைத் துணியால் பளபளவென்று துடைத்துக்கொண்டிருந்தார். சித்திதான் அவரைச் சமாதானப்படுத்தினாள். "மேற்பார்வையாளர்னா மேசைக்கு அந்தப் பக்கம் உக்காரணும் மாஸ்டர். கத்தி குடுக்க மாட்டாங்க." குறிப்புக்குப் பதிலாக இன்னும் நான்கு பக்கம் எழுதினாள். அதில் சித்தப்பாவின் நேரப்பட்டியல் முழுவதையும் சேர்த்தாள்.

ஒரே ஒருநாள்தான் அவள் முகம் வாடிப் பார்த்தேன். வேலை முடிந்து பேருந்தில் வந்துகொண்டிருந்தோம். எதிர் இருக்கைக்காரர் மடியில் ஒரு பை. தாளில் சுற்றிய இறைச்சியின் ஓரத்தில் ஊதா முத்திரையின் பாதி தெரிந்தது. சித்தி நான்கு நிறுத்தம்வரை அதையே பார்த்துக்கொண்டு வந்தாள். "இருபத்திரண்டு வருஷம்டி" என்றாள் தாழ்ந்த குரலில். "எத்தனை வீடு."

வெந்தால் கிருமி செத்துவிடுமே என்றேன்.

"வெந்தா. எல்லார் வீட்லயும் வெப்பமானி இருக்கா?"

 இறங்கவேண்டிய இடம் வந்ததும் எழுந்தாள். அந்த மனிதரின் பக்கத்தில் நின்று, நேராக வீட்டுக்குத்தானே, வழியில் யாரோடும் நின்று பேசிக்கொண்டிருக்காதீர்கள், ஏற்கெனவே ஒருமணி நேரம் ஆகியிருக்கும் என்று சொல்லிவிட்டு இறங்கினாள். அவர் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் தோளைக் குலுக்கிவிட்டு அவள் பின்னால் ஓடினேன். நடைபாதையில் போகும்போதே பழைய வேகம் வந்துவிட்டது. ஆட்டை முடித்ததும் கோழிக்கு வரவேண்டும், கோழியைக் குளிரவைக்கும் தொட்டித் தண்ணீரை நினைத்தாலே தனக்குக் கை அரிக்கிறது என்று வீடுவரை பேசிக்கொண்டே வந்தாள்.

ஏழாவது மாதம் எனக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. என் கால் ஒரு இடத்தில் நிற்காது என்று அவளுக்குத் தெரியும். ஏன் என்று கேட்கவில்லை. பேருந்து ஜன்னலில் அதே ஊசி, அதே காத்திருப்பு. "அறுபத்திமூணு. மாஸ்டர் வேகமா கொண்டுவந்து சேத்துட்டார். தைரியமா சாப்பிடு" என்றாள். சித்தப்பா பின்னால் நின்று இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். தலைமை அலுவலகத்திலிருந்து அதுவரை ஒரு சொல்லும் வந்திருக்கவில்லை.

பிறகு தொலைபேசியில் பேசும்போதெல்லாம் கேட்பேன். கோப்பு மூன்றாவது மாடியில் இருக்கிறது, நான்காவது மாடிக்குப் போயிருக்கிறது, மறுபடி மூன்றாவதுக்கு வந்துவிட்டது என்பாள், ஊரில் இருக்கும் ஒரு துறுதுறுப் பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல. நானும் மெல்லக் கேட்பதை விட்டேன்.

பதினோரு மாதம் கழித்து, ஒரு நண்பகலில், சித்தப்பாவிடமிருந்து செய்தி வந்தது. இரண்டு படங்கள். கீழே ஒரு வரி: 'படிக்க நாலு நிமிஷம். சிரிப்பு பன்னிரண்டு நிமிஷம், இன்னும் ஓடுது.'

முதல் படம் தலைமை அலுவலகத்தின் சுற்றறிக்கை. சுருண்டுகொள்ளாமலிருக்க மேலே சிவப்புக் கத்தியும் கீழே நீலக் கத்தியும் வைத்திருந்தார்கள். அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து நாற்பது கூடங்களிலும் பரிசோதகர் மேசையில் இரண்டு கத்திகள், எண்பத்திரண்டு டிகிரித் தண்ணீர்; கோழி இறைச்சிக்கூடங்களுக்கும் இதே விதி. யார் சொல்லி இந்த விதி என்று அதில் இல்லை. சித்தியின் பெயரைத் தேடினேன், எங்கேயும் இல்லை. தாளின் மேல்மூலையில், அதன் முன்தோள் என்று சொல்லக்கூடிய இடத்தில், வட்டமாக ஊதா முத்திரை: 'பரிசோதிக்கப்பட்டது'.

இரண்டாவது படம் அதே தாளின் பின்பக்கம். வெறும் தாள், ஒரு எழுத்துக்கூடக் கிடையாது. புரட்டிப் பார்த்திருக்கிறாள். கீழ்மூலையில் இன்னொரு முத்திரை அழுத்தமாக விழுந்திருந்தது. மை காயுமுன் பிடித்ததில் பக்கத்தில் ஒரு கட்டைவிரல் தடம்.